அட்டிக்கைச் சட்டப்படி பெட்ரூம் ஆக்குவது: கையைச் சுடும் இடங்கள்

அமெரிக்காவில் வீடு வாங்கி நாலைந்து வருடம் ஓடியதும் பல பேருக்கு இந்த எண்ணம் வரும். பிள்ளைகள் தனி அறை கேட்கிறார்கள், ஊரிலிருந்து வருபவர்கள் ஹாலில் படுக்கிறார்கள், தலைக்கு மேலே கூரைக்கு அடியில் அவ்வளவு பெரிய அட்டிக் பழைய பெட்டிகளோடு சும்மா கிடக்கிறது. கொஞ்சம் டிரைவால் (சுவரிலும் சீலிங்கிலும் அடிக்கும் ஜிப்சம் பலகை), ஒரு கார்ப்பெட், ஒரு கட்டில், முடிந்தது என்று தோன்றும். கட்டில் போட்டால் அது படுக்கிற இடம்தான், பெட்ரூம் ஆகாது. வீட்டை விற்கும்போதும், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போடும்போதும், தீப்பிடித்தால் மேலே படுத்திருப்பவர் இறங்க வழி தேடும்போதும் அந்த வித்தியாசம் முகத்தில் அறையும். சொல்ல ஆளில்லாமல் தனியாக இதில் இறங்குபவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் வேலையின் தரத்தில் இல்லை, வரிசையில். இன்ஸுலேஷனும் டிரைவாலும் முடித்துவிட்டுப் படிக்கட்டைப் பற்றி யோசிப்பார்கள். உயரம், படிக்கட்டு, தரையின் பலம், தப்பிக்கும் ஜன்னல் இந்த நான்கும் தேறுமா என்று தெரியும் வரை ஒரு டாலர்கூட மெட்டீரியலில் போடக் கூடாது.

பெரும்பாலான மாநிலங்களில் வீடுகளுக்கான சட்டம் ஐ.ஆர்.சி. என்கிற இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோடை ஒட்டியது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதன் புதுப் பதிப்பு வரும். ஆனால் எல்லா ஊரும் ஒரே பதிப்பைப் பின்பற்றுவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் திருத்தங்களோடு ஏற்கும், சில ஊர்கள் இரண்டு பதிப்பு பின்தங்கியிருக்கும், நியூயார்க் நகரத்துக்குத் தனிச் சட்டமே உண்டு. அதனால் முதல் வேலை உங்கள் சிட்டி அல்லது கவுண்டி பில்டிங் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு போன்: எந்த வருடப் பதிப்பு, அட்டிக்குக்கு உள்ளூர்த் திருத்தம் ஏதாவது உண்டா? கேட்டதை ஈமெயிலிலும் பதிலாக வாங்கி வையுங்கள். இங்கே நான் சொல்லும் அளவுகள் ஐ.ஆர்.சி.யின் அடிப்படை அளவுகள்.

அட்டிக்கில் ஏறியதும் முதலில் பார்க்க வேண்டியது கூரையின் எலும்புக்கூட்டை. இரண்டு பக்கமும் சாய்வாக ராஃப்டர்கள் ஏறி உச்சியில் ரிட்ஜ் பலகையில் சேர்ந்து, நடுவில் திறந்த இடம் இருந்தால் நல்லது. அதற்குப் பதிலாக, மெல்லிய கட்டைகள் ‘டபிள்யூ’ எழுத்துபோலக் குறுக்கும் நெடுக்கும் ஓடி, சேரும் இடங்களில் பல் வைத்த இரும்புத் தகடுகள் அடித்திருந்தால் அது ட்ரஸ். 1960-களுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் ட்ரஸ் மிகச் சாதாரணம். ட்ரஸ்ஸில் ஒரு கட்டையை வெட்டினாலும் மொத்தக் கணக்கும் போய்விடும். இன்ஜினியர் முத்திரையிட்ட வரைபடம் இல்லாமல் எந்த இன்ஸ்பெக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். செய்ய முடியாது என்றில்லை, ஆனால் கூரையையே புதிதாகப் போடுவதற்கு நெருக்கமாகச் செலவு போய் நிற்கும். “நடுவில் இருக்கும் ரெண்டு கட்டையை எடுத்துட்டா போதும் சார்” என்று சொல்லும் காண்ட்ராக்டரை அங்கேயே வாசல் வரை அனுப்பிவைத்துவிடுங்கள்.

ராஃப்டர்தான் என்று தெரிந்தால் அடுத்தது உயரம். தெருவில் நின்றே ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 24 அடி அகல வீடு என்றால் சுவரிலிருந்து ரிட்ஜுக்கு 12 அடி. கூரைச் சரிவு 12-க்கு 6, அதாவது 12 அடி உள்ளே போனால் 6 அடி ஏறும் என்றால், உச்சியில் உயரம் 6 அடிதான், அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். 12-க்கு 8 என்றால் 8 அடி, இழுபறி. 12-க்கு 12, அதாவது 45 டிகிரி என்றால் 12 அடி, தாராளம். சட்டம் கேட்பது இதுதான்: அறை குறைந்தது 70 சதுர அடி, எந்தப் பக்கமும் 7 அடிக்குக் குறையாமல். சீலிங் 5 அடிக்குக் கீழே இறங்கும் பகுதி அந்த 70-இல் சேராது. 70-இல் பாதியான 35 சதுர அடிக்காவது 7 அடி உயரம் இருக்க வேண்டும். 45 டிகிரி கூரையில், எல்லாம் முடிந்த பிறகு ரிட்ஜுக்குக் கீழே 9 அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 அடி உயரம் கிடைக்கும் அகலம் 4 அடி, 5 அடி உயரம் கிடைக்கும் அகலம் 8 அடி. அறையின் நீளம் 8¾ அடி இருந்தால் 8 பெருக்கல் 8¾ சரியாக 70, 4 பெருக்கல் 8¾ சரியாக 35. தேறிவிடும், ஆனால் மயிரிழையில்.

அந்த “எல்லாம் முடிந்த பிறகு” என்பதில்தான் பல பேர் மாட்டுகிறார்கள். டேப் பிடிக்கும்போது தரையும் இல்லை, சீலிங்கும் இல்லை, ரெண்டும் வந்ததும் இடம் சுருங்கும். நடுவிலிருந்து 2 அடி தள்ளி, பழைய ஜாய்ஸ்ட்டின் (தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் கட்டை) மேல் விளிம்பிலிருந்து ராஃப்டரின் அடி விளிம்பு வரை 94 இன்ச் வருகிறது என்போம். பழைய 2×6 ஜாய்ஸ்ட்டுக்கு (உண்மையில் 5½ இன்ச்) பக்கத்தில் 2×8 (உண்மையில் 7¼ இன்ச்) போட்டால் தரை 1¾ இன்ச் உயரும், அதன் மேல் ¾ இன்ச் சப்ஃப்ளோர் என்கிற அடிப்பலகை, அதன் மேல் ¾ இன்ச் மரத்தரை, ஆக 3¼ இன்ச் போச்சு. மேலே இன்ஸுலேஷனுக்காக ராஃப்டரை 3½ இன்ச் கீழே தடிப்பாக்கி ½ இன்ச் டிரைவால் அடித்தால் 4 இன்ச். 94-இலிருந்து 7¼ கழித்து 86¾ இருக்கிறதே என்று கணக்கு முடிப்பார்கள். ஆனால் அந்த 4 இன்ச் சரிவுக்குச் செங்குத்தாக அளந்த தடிமன். 45 டிகிரியில் அதைத் தரையிலிருந்து நேராக அளந்தால் 1.41 மடங்கு, கிட்டத்தட்ட 5⅔ இன்ச். ஆக மிஞ்சுவது 85 இன்ச் சொச்சம். தேவை 84. இதற்கு மேல் சத்தம் தடுக்கும் மேட் ஒன்றையும் ரெண்டாவது அடுக்கு டிரைவாலையும் யாராவது சேர்த்தால், அறை காகிதத்தில் செத்துவிடும். இன்ஸ்பெக்டர் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் லேசர் வைத்துத்தான் பார்ப்பார், அரை இன்ச் விட்டுக்கொடுப்பார் என்று நம்பி இறங்காதீர்கள்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சட்டப்படி பெட்ரூம் ஆனதாலேயே அந்த இடம் வீட்டின் சதுர அடிக் கணக்கில் சேர்ந்துவிடாது. வீட்டுக்கு விலை மதிப்பிடும் அப்ரைசர்கள் அளப்பது ஏ.என்.எஸ்.ஐ. இஸட்765 என்கிற தரத்தின்படி, வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே 2022 ஏப்ரல் முதல் இதைக் கட்டாயமாக்கியது. அதிலும் 7 அடி, 5 அடி எல்லைகள்தான். ஆனால் அங்கே பாதி என்பது 70 சதுர அடியில் பாதி இல்லை, அறையில் முடித்த பரப்பு முழுவதிலும் பாதி. 5 அடிக்குக் கீழே இருக்கும் பரப்பு கணக்கிலேயே வராது. மேலே சொன்ன அறையை 20 அடி நீளத்துக்கு இழுத்தாலும் 8 அடிக்கு 4 அடி என்ற விகிதம் மாறாது, அதனால் தப்பிக்கும். ரிட்ஜ் ஓரடி தாழ்ந்து 8 அடி ஆனால் 7 அடி அகலம் 2 அடியாகவும் 5 அடி அகலம் 6 அடியாகவும் சுருங்கும், மூன்றில் ஒரு பங்குதான். அப்போது அறையை நீளமாக்கிப் பில்டிங் டிபார்ட்மென்ட்டின் 35 சதுர அடியை எட்டிவிடலாம், அகலத்தை எங்கே அளப்பது என்ற கேள்வி வரும், அது தனி. அப்ரைசர் மட்டும் இதை வீட்டின் பரப்பில் சேர்க்க மாட்டார். மறுவிற்பனை விலையை நம்பி ஈக்விட்டி லோன் எடுக்கிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

தரைக்கு வருவோம். அட்டிக் ஜாய்ஸ்ட் என்று நாம் சொல்வது உண்மையில் கீழ்த்தளத்தின் சீலிங் ஜாய்ஸ்ட். டிரைவாலைத் தாங்கவும் சில பெட்டிகளைச் சுமக்கவும் போட்டது. பொருள் வைக்காத அட்டிக்குக்குச் சதுர அடிக்கு 10 பவுண்டு, கொஞ்சம் வைக்கலாம் என்றால் 20 பவுண்டு, மனிதர் வசிக்கும் அட்டிக்குக்கு 30 பவுண்டு லைவ் லோட், அதாவது ஆளும் சாமானும் தரும் பாரம். ஸ்ப்ரூஸ்-பைன்-ஃபர் மரத்தில், நம்பர் 2 கிரேடு, 16 இன்ச் இடைவெளியில், 30 பவுண்டுக்கு 2×6 நடுவில் தாங்கல் இல்லாமல் ஏறக்குறைய 10 அடி வரைதான் தாண்டும். 2×8 என்றால் 13½ அடி, 2×10 என்றால் 17 அடி. வீட்டின் நடுச்சுவர் எங்கே இருக்கிறது, அது நேராகக் கீழே அஸ்திவாரம் வரை போகிறதா என்பதை இன்ஜினியர் பார்க்க வேண்டும். பெர்மிட் வரைபடத்துக்குப் பல ஊர்களில் அவர் கையெழுத்து தேவைப்படும், அதனால் ஆரம்பத்திலேயே கூப்பிட்டுவிடுவது லாபம்.

புது ஜாய்ஸ்ட் போடுவதில் கைவேலைச் சிக்கல் ரெண்டு. ஒன்று, ஓரத்தில் கூரை தாழ்ந்துவிடுவதால் 2×8-இன் மேல் மூலை ராஃப்டரில் அல்லது பலகையில் இடிக்கும். மூலையைச் சரிவாகச் சீவித்தான் சுவர் உச்சியில் ஓடும் கட்டையில் உட்கார வைக்க வேண்டும், எவ்வளவு சீவலாம் என்பதையும் வரைபடத்தில் எழுதி வாங்குங்கள். ரெண்டு, பழைய ஜாய்ஸ்ட்டோடு ஒட்டி ஆணி அடித்தால் அந்த அதிர்விலேயே கீழ் அறையின் சீலிங் விரியும், பிளாஸ்டர் சீலிங் என்றால் நிச்சயம் விரியும். ஸ்ட்ரக்சுரல் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். இன்னும் நல்ல வழி, புது ஜாய்ஸ்ட்டைப் பழையதோடு சேர்க்காமல் பக்கத்தில் தனியாக, அடியில் ½ இன்ச் துண்டு வைத்து உயர்த்திப் போடுவது. அப்போது மேலே நடக்கும் சத்தமும் அசைவும் கீழ்ச் சீலிங்குக்கு அவ்வளவாகப் போகாது. போகிற அரை இன்ச் உயரம் உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். ஜாய்ஸ்ட்டின் மேல் குறுக்கே ஓடும் பழைய வயர்களைத் துளை போட்டு உள்ளே இறக்க வேண்டும். துளை ஜாய்ஸ்ட் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, மேல் கீழ் விளிம்புகளிலிருந்து 2 இன்ச் தள்ளியிருக்க வேண்டும். 4×8 சப்ஃப்ளோர் பலகை ஒடுக்கமான படியில் திரும்பாது என்பதையும் முன்னாடியே யோசியுங்கள். கேபிள் சுவரில், அதாவது கூரை முனையில் நிற்கும் முக்கோணச் சுவரில், பெரிய ஜன்னல் வரப்போகிறது என்றால் அந்த ஓட்டையை முதலில் வெட்டி, ஜன்னலை மாட்டும் முன் அதன் வழியாகப் பலகை, டிரைவால் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

ராஃப்டர்களை இழுத்துப் பிடித்திருக்கும் குறுக்குக் கட்டைகளில் கை வைக்கும்போது கவனம். கீழ்ப்பகுதியில் இருக்கும் டை, அல்லது சீலிங் ஜாய்ஸ்ட்டே, ராஃப்டர்களின் கால் வெளியே விரியாமல் பிடித்திருக்கிறது. நடுக்கயிறு அறுந்த மடக்கு ஏணிபோல, அதை எடுத்தால் சுவர்கள் மெல்ல வெளியே தள்ளப்படும். உச்சியில் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கும் காலர் டை வேறு, அது காற்று கூரையைத் தூக்காமல் இருக்க. தலை இடிக்கிறது என்று இந்த ரெண்டில் எதையும் இன்ஜினியரைக் கேட்காமல் அறுக்க வேண்டாம். ஓரத்தில் நிற்கும் குட்டையான சுவர், ‘நீ-வால்’ (knee wall) என்பார்கள், சில பழைய வீடுகளில் ராஃப்டரைத் தாங்கிக்கொண்டிருக்கும், இடம் பெரிதாக வேண்டும் என்று அதைத் தள்ளி வைக்கும்போது கூரை தொய்ந்த வீடுகள் உண்டு.

படிக்கட்டு. இந்த வேலையில் மிக அதிகமாகக் கோபம் வரவைப்பது இதுதான், ஏனென்றால் அது மேல்தளத்துப் பிரச்சினை இல்லை, கீழ்த்தளத்து அறையைத் தின்னும். இழுத்து இறக்கும் ஏணி, கணக்கில் வராது. நிரந்தரப் படி வேண்டும்: அகலம் டிரைவால் ஒட்டின பிறகு 36 இன்ச், ஒவ்வொரு படியின் உயரம் 7¾ இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது, மிதிபலகை ஆழம் 10 இன்ச்சுக்குக் குறையக் கூடாது, தலைக்கு மேல் இடைவெளி எல்லா இடத்திலும் 6 அடி 8 இன்ச். கீழ்த்தரையிலிருந்து அட்டிக் தரை வரை, ரெண்டும் முடிந்த தரை, 108 இன்ச் என்றால் 7¾-ஆல் வகுத்து 14 ஏற்றம், ஒவ்வொன்றும் 7.71 இன்ச். மிதிபலகை 13, ஆக ஓட்டம் 130 இன்ச், 10 அடி 10 இன்ச். மேலேயும் கீழேயும் 3 அடி லேண்டிங் தனி. தலை இடிக்காமல் இருக்க மேல்தரையில் வெட்டும் ஓட்டை மட்டும் சுமார் 10 அடி நீளம் வரும், அதன் நாலு பக்கமும் டபுள் ஹெடர், டபுள் ஜாய்ஸ்ட். இவ்வளவும் ஒரு சின்ன பெட்ரூமைக் கொடுத்து ஒரு பெட்ரூமை வாங்குவதில் போய் முடியலாம். இருக்கும் மாடிப்படிக்கு நேர் மேலே புதுப் படி வந்தால்தான் நஷ்டம் குறைவு, அதுவும் அதன் உச்சி ரிட்ஜுக்குக் கீழே போய்ச் சேர்ந்தால்தான். சரிவுப் பக்கம் ஏறினால் கடைசி ரெண்டு படியில் தலை கூரையில் இடிக்கும், அதற்காகவே ஒரு டார்மர், அதாவது கூரைச் சரிவிலிருந்து துருத்தி நிற்கும் சிறு கூரையமைப்பு, கட்ட வேண்டியிருக்கும்.

ஸ்பைரல் படியைச் சட்டம் ஏற்கிறது, 26 இன்ச் அகலமே போதும், 6 அடி 6 இன்ச் தலையிடம் போதும். ஆனால் கட்டிலையும் அலமாரியையும் எப்படி ஏற்றுவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குயின் சைஸ் பாக்ஸ் ஸ்பிரிங் நேர்ப்படியிலேயே பல வீடுகளில் திரும்பாது, ரெண்டாகப் பிரியும் வகையைத்தான் வாங்க வேண்டும். வயதான பெற்றோருக்கு என்று இந்த அறையைத் திட்டமிடுபவர்கள், ராத்திரி பாத்ரூமுக்கு இந்தப் படியில் இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் பாருங்கள். என்னைக் கேட்டால் அவர்களைக் கீழே தங்கவைத்துவிட்டுப் பிள்ளைகளை மேலே அனுப்புவதுதான் சரி. இன்னொரு நுணுக்கம்: ஒரே படிக்கட்டில் அதிக உயரப் படிக்கும் குறைந்த உயரப் படிக்கும் வித்தியாசம் ⅜ இன்ச்சுக்கு மேல் இருக்கக் கூடாது. ஃப்ரேமிங் நேரத்தில் சப்ஃப்ளோரை வைத்து அளந்து படி கட்டிவிட்டு, பிறகு மேலே மட்டும் ¾ இன்ச் மரத்தரை போட்டால் கடைசிப் படி மட்டும் ¾ உயர்ந்து ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் விழும். படியைப் பிரித்து மறுபடி கட்டுவதைத் தவிர வழி இல்லை. தரை என்ன போடுவது என்பதைப் படி கட்டும் முன்னாடியே முடிவுசெய்துவிட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

ஜன்னலுக்கு வந்தால், தீ வந்தால் ஆள் வெளியேறவும் தீயணைப்பு வீரர் முதுகில் சிலிண்டரோடு உள்ளே வரவும் இடம் வேண்டும், அளவுகள் அதற்காகத்தான். திறந்த இடம் 5.7 சதுர அடி, உயரம் 24 இன்ச்சுக்குக் குறையாமல், அகலம் 20 இன்ச்சுக்குக் குறையாமல், திறப்பின் அடி விளிம்பு முடிந்த தரையிலிருந்து 44 இன்ச்சுக்கு மேல் போகாமல். 20-ம் 24-ம் போதும் என்று நினைத்து ஜன்னல் வாங்குபவர்கள் ஏராளம். ரெண்டையும் பெருக்கினால் 3.3 சதுர அடிதான். 20 இன்ச் அகலம் என்றால் உயரம் 41 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும், 24 இன்ச் உயரம் என்றால் அகலம் 34¼ வேண்டும். கணக்கு கண்ணாடிக்கு இல்லை, திறந்தபின் கிடைக்கும் ஓட்டைக்கு. மேலும் கீழும் நகரும் டபுள்-ஹங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். 30 இன்ச் அகலத் திறப்புக்கு ஜன்னலே சுமார் 5 அடி உயரம் வேண்டியிருக்கும், கேபிள் சுவரில் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது. கதவுபோலத் திறக்கும் கேஸ்மென்ட்தான் அட்டிக்குக்குத் தோது, ‘எக்ரஸ் ஹிஞ்ச்’ என்று கேட்டு வாங்குங்கள், சாதாரணக் கீல் திறப்பில் சில இன்ச்சைத் தின்றுவிடும். கூரையில் வைக்கும் ரூஃப் விண்டோவும் செல்லும், ஆனால் நடுவில் சுழலும் வகையில் கதவே வழியை அடைத்துக்கொண்டு நிற்கும், மேலே கீல் இருக்கும் வகை வேண்டும். ஜன்னல் அடி விளிம்பு ரொம்பத் தாழ்ந்தாலும் சிக்கல்: தரையிலிருந்து 24 இன்ச்சுக்குக் கீழே இருந்து, வெளியே நிலம் 6 அடிக்கு மேல் தாழ்ந்திருந்தால், குழந்தை விழாமல் இருக்க 4 இன்ச்சில் நிறுத்தும் தடுப்பு போட வேண்டும். பெரியவர் கையால் விடுவிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

இன்ஸுலேஷனில்தான் அட்டிக் அறை பிழைப்பதும் நாறுவதும். வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்பதை ஆர்-எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் தடுப்பும் கூடும். 2021 பதிப்பு குளிர்ப் பகுதிகளில் சீலிங்குக்கு ஆர்-60 கேட்கிறது. 2×6 ராஃப்டர் 5½ இன்ச் ஆழம். காற்றோட்டம் உள்ள கூரை என்றால் கூரைப் பலகைக்கும் இன்ஸுலேஷனுக்கும் நடுவில் சாஃபிட்டிலிருந்து (கூரை ஓரத்தின் அடிப்பக்கம்) ரிட்ஜ் வரை 1 இன்ச் இடைவெளி விட வேண்டும், மிச்சம் 4½ இன்ச்சில் ஆர்-60 எங்கே வரும்? இதைப் பார்த்து மனசு விட்டுப் பின்வாங்கியவர்கள் உண்டு. சட்டத்திலேயே ஒரு சலுகை இருக்கிறது: மேலே அட்டிக் இடைவெளி இல்லாத சரிவுச் சீலிங்கில், ராஃப்டர் ஆழம் போதாதபோது, ஆர்-30 போதும், ஆனால் 500 சதுர அடி அல்லது இன்ஸுலேட் செய்த மொத்தச் சீலிங்கில் 20 சதவீதம், இதில் எது குறைவோ அது வரை. க்ளோஸ்டு-செல் ஸ்ப்ரே ஃபோம் இன்ச்சுக்கு ஆர்-6 முதல் 7 வரை தரும், 5 இன்ச் அடித்தால் ஆர்-30 தாண்டும், உயரமும் போகாது. ஃபோம் அடித்த இடத்தை ½ இன்ச் டிரைவால் மூடியே ஆக வேண்டும், தீக்காக. அந்த வருடமே கூரை ஷிங்கிள் மாற்ற வேண்டியிருந்தால் கதையே வேறு: பலகைக்கு மேலே, வெளிப்பக்கமாகக் கெட்டி ஃபோம் பலகை போட்டு அதன் மேல் புதுக் கூரை போடுங்கள். உள்ளே ஓர் இன்ச்கூடப் போகாது. என் கணக்கில் இதுவே சிறந்த வழி, கூரைக்காரரையும் அட்டிக் வேலையையும் ஒரே வருடத்தில் சேர்க்க முடிந்தால்.

யாரும் கவனிக்காத ஓட்டை நீ-வாலுக்குக் கீழே இருக்கிறது. சுவருக்குப் பின்னால் குளிர்ந்த இடம், சுவருக்கு முன்னால் அறை, ரெண்டையும் தரைக்கு அடியில் ஜாய்ஸ்ட்டுகளுக்கு நடுவே உள்ள திறந்த சந்து சேர்க்கிறது. சுவரில் எவ்வளவு இன்ஸுலேஷன் வைத்தாலும் ஜனவரிக் காற்று அந்தச் சந்து வழியாகத் தரைக்கு அடியில் ஓடும். பேஸ்போர்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் சில்லென்று தெரியும், கார்ப்பெட்டின் ஓரம் வருடம் போகப் போகத் தூசியால் கறுத்துக் கோடு விழும். ஒவ்வொரு சந்திலும் நீ-வாலுக்கு நேர் கீழே கெட்டி ஃபோம் துண்டு வெட்டிச் செருகி, நாலு விளிம்பிலும் கேன் ஃபோம் அடித்து மூட வேண்டும். சப்ஃப்ளோர் போடும் முன்னால் இது ஒரு மதிய வேலை. போட்ட பிறகு என்றால் தரையைப் பிரிக்கிற வேலை. நீ-வாலில் வைக்கும் சிறு கதவுக்கும் வெளிக்கதவுபோல ரப்பர் பட்டையும் பின்னால் ஃபோமும் வேண்டும்.

பழைய வீடு என்றால் எதையும் கிளறும் முன் ரெண்டு விஷயம். ஜாய்ஸ்ட்டுகளுக்கு நடுவே சாம்பல்-பழுப்பு நிறத்தில், மின்னும் சின்னக் கூழாங்கல் மாதிரி இன்ஸுலேஷன் கொட்டியிருந்தால் அது வெர்மிகுலைட். மொன்டானா மாநிலம் லிபியில் இருந்த சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. எல்லாவற்றிலும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, கையால் அள்ளாமல், துடைக்காமல், லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையான இ.பி.ஏ. ரெண்டாவது, பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய நாப்-அண்ட்-ட்யூப் வயரிங். அதன் மேல் இன்ஸுலேஷன் போட்டு மூடினால் சூடு வெளியேற வழியில்லை. அதை மாற்றும் செலவைப் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதுங்கள். செங்கல் சிம்னி அட்டிக் வழியாகப் போனால் மரக்கட்டை அதிலிருந்து 2 இன்ச் தள்ளி நிற்க வேண்டும்.

எலெக்ட்ரிக்கல் ஓரளவு நேர்கோடு. சுவரோரம் எந்தப் புள்ளியிலிருந்தும் 6 அடிக்குள் ஒரு ப்ளக் பாயின்ட், நீ-வாலும் சுவர்தான். பெட்ரூம் சர்க்யூட்டுக்கு ஏ.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு (வயரில் தீப்பொறி வந்தால் மின்சாரத்தை நிறுத்துவது), படியின் மேலும் கீழும் ஸ்விட்ச். ஸ்மோக் அலாரம் அறைக்குள்ளும் அறைக்கு வெளியேயும், எல்லாம் ஒன்று அடித்தால் மற்றதும் அடிக்கிற மாதிரி; பெர்மிட் எடுத்து வேலை செய்வதால் வீடு முழுக்கவே அலாரங்களைப் புதுச் சட்டத்துக்கு ஏற்றாற்போல் கொண்டுவரச் சொல்வார்கள். கூம்புச் சீலிங்கின் உச்சியில் கடைசி 4 இன்ச்சில் காற்று தேங்கும், அங்கே வைக்காமல் உச்சியிலிருந்து 3 அடிக்குள் கொஞ்சம் கீழே வையுங்கள். ஹீட்டிங் அறையை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைக்க முடிய வேண்டும், ப்ளக்கில் செருகும் ஹீட்டர் செல்லாது. கீழிருந்து டக்ட் இழுத்தால் பழைய ஃபர்னஸ் பெரும்பாலும் அட்டிக்குக்கு எட்டாது, கோடையிலோ இந்த அறைதான் வீட்டிலேயே சூடானது. டக்ட் தேவைப்படாத மினி-ஸ்ப்ளிட் ஏ.சி.-ஹீட்டரைத் தனியாக வைத்துவிட்டால் பிரச்சினை தீரும். பெட்ரூமுக்கு க்ளாசெட் கட்டாயம் என்று ஏஜென்ட்டுகள் அடித்துச் சொல்வார்கள், ஐ.ஆர்.சி.யில் அப்படி இல்லை.

பெர்மிட் ஆபீஸில் காசும் காலமும் கரையும் இடங்கள் சில. வீடு செப்டிக் டேங்க்கில் ஓடினால், டேங்க்கின் அளவு பெட்ரூம் எண்ணிக்கையை வைத்தே அனுமதிக்கப்பட்டது; மூன்று பெட்ரூம் செப்டிக்கில் நான்காவதைச் சேர்க்க ஹெல்த் டிபார்ட்மென்ட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஏற்கெனவே இரண்டு மாடி என்றால், அட்டிக் அறை கீழ்த்தளப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் 2021 பதிப்பில் அது தனி மாடியாகிவிடும், வீட்டில் ஸ்ப்ரிங்க்ளர் இருந்தால் பாதி வரை போகலாம். பெரிய டார்மர் போட ஆசைப்படுபவர்கள் இந்த எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய பெர்மிட் 180 நாள் வேலை நடக்காமல் கிடந்தால் செல்லாமல் போகும். “நீங்களே ஓனராகப் பெர்மிட் எடுத்துக்கோங்க, நான் வேலையை முடிச்சுத் தர்றேன்” என்று சொல்லும் காண்ட்ராக்டர், பொறுப்பை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம். இன்ஸ்பெக்ஷன் வரிசை பெரும்பாலும் எலெக்ட்ரிக்கல், ப்ளம்பிங், மெக்கானிக்கல் ரஃப் (சுவரை மூடும் முன் வயர், குழாய், டக்ட்டைப் பார்ப்பது), பிறகு ஃப்ரேமிங், பிறகு இன்ஸுலேஷன், அதற்கப்புறம்தான் டிரைவால், கடைசியில் ஃபைனல். ஒரு கையெழுத்து விடுபட்டு டிரைவால் ஏறிவிட்டால் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். காண்ட்ராக்டர் அவசரப்படுத்துவார், பெர்மிட் அட்டையில் இன்ஸ்பெக்டரின் கையெழுத்தை உங்கள் கண்ணால் பார்க்காமல் டிரைவால் லாரியை வரவிடாதீர்கள்.

மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்த மாதிரி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வயர், குழாய், ஸ்டட் எங்கே என்று பிறகு தேவைப்படும். ஃபைனல் பாஸானதும் பெர்மிட் ‘க்ளோஸ்டு’ என்று டிபார்ட்மென்ட் இணையதளத்தில் மாறியிருக்கிறதா பாருங்கள், திறந்தே கிடக்கும் பெர்மிட் விற்பனை நேரத்தில் வந்து நிற்கும். காண்ட்ராக்டருக்குக் கடைசித் தவணை அதற்குப் பிறகு. அதே வாரம் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுக்குப் புதுப் பரப்பைத் தெரிவித்து வீட்டின் ரீபில்ட் தொகையை உயர்த்தச் சொல்லுங்கள், அடுத்த வருட ப்ராப்பர்ட்டி டாக்ஸ் ஏறி வரும் என்பதையும் எஸ்க்ரோவில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.